நூற்று இருபத்தொன்பது மேற்கோளும் ஒரு மேற்கோளும்

என் அக்காள் மகன் ஈஸ்வரபாண்டி ஒரு துகளைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்தவன். அந்தத் துகளை இதுவரை யாரும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டுமானால் கம்பத்தில் தொடங்கிக் காசி வரைக்கும் பூமிக்கடியில் குழாய் பதித்து எந்திரம் கட்ட வேண்டும் என்று நான் ஊருக்குள் சொல்லிவைத்திருந்தேன். அவன் என்னிடம் சொன்னது, “இப்ப இருக்கறதவிடக் கொஞ்சம் பெரிய மிஷின் வேணும் மாமா” என்பது மட்டும்தான். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவன் சொல்லாதபோது, காசி என்று வைத்துக்கொள்வதில் என்ன குற்றம்?

மலைக்குள் சுரங்கம் குடைந்து ஆய்வகம் கட்டப்போவதாக அறிவித்த நாளிலிருந்து, எங்கள் பக்கத்தில் இயற்பியல் விஞ்ஞானி என்று சொன்னால், “மலையக் குடைய வந்த கூட்டமா?” என்று முறைப்பார்கள். அவர்களுக்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. பாண்டி மலையைத் தொடமாட்டான், அவன் குடைவதெல்லாம் காகிதத்தைத்தான், அதுவும் பென்சிலால், நாளொன்றுக்கு நூறு பென்சில் தீரும் என்பேன். உண்மையில் ஒன்று தீரும். ஒரு பென்சிலுக்காக எவனாவது வாயைப் பிளப்பானா?

நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் கருத்தக்கண்ணன். கம்பத்தில் சொந்த வீடு. முப்பத்து மூன்று வருடம் கம்பம், கோம்பை, பண்ணைப்புரம் என்று வீடு வீடாக ஏறி மீட்டரில் ரீடிங் எடுத்தேன். என் உடம்பில் கோம்பை நாய் கடிக்காத இடம் உச்சந்தலை ஒன்றுதான். ஓடாத மீட்டரைக் கண்டால் நாங்கள் கலங்கமாட்டோம். பழைய மாதங்களின் சராசரி என்ன என்று பார்த்து, அந்த எண்ணை அட்டையில் எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம். அதற்கு விதியே இருக்கிறது. அந்தப் பழக்கம்தான் பாண்டி விஷயத்தில் என்னை இழுத்துவிட்டது.

போன வருடம் பொங்கலுக்கு அவன் கோம்பைக்கு வந்திருந்தான். வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஐந்து வருட ஒப்பந்தத்தில் வேலை. வயது நாற்பத்தாறு. மூன்று தேசங்களில் இரண்டிரண்டு வருடம் என்று தற்காலிக வேலை பார்த்ததில், அவனுடைய கல்யாண வயது எந்த விமான நிலையத்தில் இறங்கிப் போனதோ தெரியவில்லை. என் அக்காள் மூக்கம்மாள் வைத்த பொங்கல் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, அவன் மடிக்கணினியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“என்னலே மாப்ள, துட்டி வீட்டுல துக்கம் கேக்க வந்தவன் மாதிரி உக்காந்திருக்க?” என்றேன்.

கணினியை என் பக்கம் திருப்பினான். வருடவாரியாகக் கட்டம் கட்டமாக ஒரு படம். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு கட்டம் தென்னை உயரத்துக்கு நின்றது. அப்புறம் வாழை. அப்புறம் கத்தரிச்செடி. போன வருடம் வெறும் புல்.

“இதென்ன, உங்க ஆபீஸ் கரண்டு பில்லா?”

“என் சைட்டேஷன் மாமா, மேற்கோள். ஒருத்தர் ஒரு பேப்பர் எழுதுறாகன்னு வைங்க. யாரு யாரு முன்னாடி எழுதுனத வச்சு அத எழுதுனாகளோ, அவுக பேரெல்லாம் கடைசில போடுவாக. உலகத்துல எத்தன எடத்துல என் பேரு வந்திருக்குன்னு இது எண்ணும்.”

“கல்யாணப் பத்திரிகைல சொந்தக்காரவுக பேரப் போடுற மாதிரி.”

“அப்படி இல்ல மாமா...”

“அப்படித்தேன். போட்டாச் சந்தோசம், விட்டாச் சண்ட. எம்புட்டு இருக்கு?”

“இருநூத்திப் பன்னெண்டு. அதுல எழுவது நானே என் பேரப் போட்டுக்கிட்டது.”

“நம்ம பத்திரிகைல நம்ம பேர நாமளே போடாம, எதுத்த வீட்டுக்காரனா போடுவான்?”

அவன் சிரிக்கவில்லை. டிசம்பரில் ஒரு குழு உட்காரப்போகிறது என்றான். ஒப்பந்தத்தை நிரந்தரமாக்குவதா, ஆளை அனுப்புவதா என்று அது முடிவு செய்யும். முதலில் திறந்து பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான். குறைந்தது முந்நூறு இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

“அனுப்புனா வேற எடம் பாத்துக்கலாம்ல?”

“நாப்பத்தேழு வயசுல எவன் மாமா எடுப்பான்? எனக்கு வேற ஒரு சோலி தெரியாது.” பொங்கலை விரலால் ஒரு பக்கமாகத் தள்ளினான். “வேல போறதுகூடப் பெருசில்ல. பத்தொம்போது வருசம், இருவத்திமூணு பேப்பர். எட்டுப் பேப்பர இன்னவரைக்கும் ஒரு ஆளு தொடல. தப்புன்னு சொல்லக்கூட ஒருத்தரும் வரல மாமா. நான் எழுதாமயே இருந்திருந்தா என்ன கொறஞ்சிருக்கும்? அத நெனச்சாத்தேன் தூக்கம் வரல.”

உள்ளேயிருந்து மூக்கம்மாள் வந்தாள். “இன்னும் திங்கலையாடா? நெய் பத்தலையா?” என்றாள். அவன் கணினியை மூடிவிட்டு இரண்டு வாய் தின்றான்.

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையைப் பற்றி ஒரு வார்த்தை. மணமகன், மணமகள் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். மீதி நாலு பக்கமும் சொந்தக்காரர்கள். அந்தப் பெயர்க்காரர்கள் கல்யாணத்துக்காக ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தியிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒரு சித்தப்பாவின் பெயர் விட்டுப்போனால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. என் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டார்கள் என்பதற்காகப் பண்ணைப்புரத்தில் ஒரு தெருவுக்குள் நான் பதினோரு வருடம் காலெடுத்து வைக்கவில்லை. அந்தத் தெருவுக்கு ரீடிங் எடுக்க வேறு ஆளைத்தான் அனுப்பினார்கள். பெயர் விட்டுப்போனால் என்ன செய்வோம்? நேரில் போய்க் கேட்போம். கேட்டால் போட்டுவிடுவார்கள். பாண்டியின் பெயரை உலகம் விட்டுவிட்டது என்றால் யாரும் போய்க் கேட்கவில்லை என்றுதானே அர்த்தம்?

கேட்பதற்கு முதல் ஆள் என் வீட்டிலேயே இருந்தாள். என் மகள் உமாதேவி, தேனிப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கட்டடவியல் பிரிவில் உதவிப் பேராசிரியை. கான்கிரீட்டில் வாழைநாரைக் கலந்தால் எவ்வளவு தாங்கும் என்பது அவள் ஆராய்ச்சி. வருடத்துக்கு மூன்று கட்டுரை அச்சில் வந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சம்பள உயர்வு கிடையாது என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். விஷயத்தை அவளிடம் சொன்னேன்.

“அப்பா, சும்மா அப்படியெல்லாம் போடக் கூடாது. சம்பந்தம் இருக்கணும்.”

“ஏத்தா, உன் சொந்த அத்த மகன் அவன். இதுக்கு மேல என்ன சம்பந்தம் வேணும்?”

“மச்சான் துகள் பத்தி எழுதுறாக. நான் வாழைநார் பத்தி எழுதுறேன்.”

“வாழைநாருக்குள்ள துகள் இல்லையா?”

இருக்கத்தானே செய்கிறது! கடைசியில், முன்னுரையில் ஒரு வரி சேர்க்கலாம் என்று இறங்கிவந்தாள். ‘பொருள்களின் நுண்ணிய அமைப்பு குறித்துப் பல்வேறு ஆய்வுகள் நடைபெற்றுள்ளன’ என்று ஒரு வாக்கியம். அதன் வாலில் பாண்டியின் மூன்று கட்டுரைகள். அவள் அனுப்புகிற ஆய்வுப் பத்திரிகையில் இதையெல்லாம் எவரும் நோண்டிப் பார்ப்பதில்லை என்றும் சொன்னாள். எந்தக் கட்டுரைகளைப் போடலாம் என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தோம். நான் கேட்டுக்கொண்டதால், யாரும் தொடாத எட்டில் இரண்டு.

ஏப்ரலில் அவள் கட்டுரை வெளிவந்தது. மூன்றாம் நாள் பாண்டியின் பக்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு இருநூற்றுப் பதினைந்து ஆயிற்று. என் வாழ்நாளில் எத்தனையோ மீட்டர் ஓடப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு குளிர்ச்சி எதிலும் கண்டதில்லை.

அப்புறம் என்னை யார் பிடிப்பது? கல்யாண மண்டபம், காதுகுத்து, புதுமனை புகுவிழா ஒன்றையும் விடவில்லை. எங்கள் சொந்தத்தில் கல்லெறிந்தால் உதவிப் பேராசிரியர் தலையில்தான் விழும். குறி தவறினால் இணைப் பேராசிரியர். அத்தனை பேருக்கும் கட்டுரை எழுதியாக வேண்டிய கட்டாயம். பந்தியில் பக்கத்து இலையாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். ஜெனிவாவில் துகளை மோதவிட பூமிக்கடியில் பெரிய சுரங்கம் இருக்கிறதே, அதைத் தோண்டுவதற்கு முன் எங்கள் பாண்டியைக் கூப்பிட்டுத்தான் இடம் பார்த்தார்கள், போர் போடுவதற்கு நீரோட்டம் பார்ப்பதுபோல, என்பேன். அப்படிப்பட்டவன் பெயர் நம் ஜில்லாவுக்குள்ளேயே இல்லாமல் போகலாமா என்பேன். ரசம் வருவதற்குள் சம்மதம் வாங்கிவிடுவேன்.

உத்தமபாளையத்தில் ஒரு வரவேற்பில் ஞானதுரையைப் பிடித்தேன். இன்னொரு பொறியியல் கல்லூரியில் துறைத் தலைவர். முன்பு எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் குடியிருந்தவர்.

“அண்ணே, எத்தன வேணும்?” என்றார், இலையில் லட்டு கேட்பவரிடம் கேட்பதுபோல.

“உங்களுக்குக் கீழ எத்தன பேரு இருக்காக?”

“பதினாலு பேரு.”

“ஆளுக்கொரு பேப்பரு. பேப்பருக்கு மூணு தடவ அவன் பேரு.”

“போட்ருவோம்ணே. நாளைக்கு நம்ம பயலுகளுக்கு ஒண்ணுன்னா தம்பியும் போடணும்ல?”

“அவன் போடாம?” என்றேன். போடமாட்டான் என்று தெரியும். இருந்தாலும் மண்டபத்தில் வைத்து இல்லை என்ற சொல் என் வாயில் வந்ததே கிடையாது.

அந்த வருடம் தேனி மாவட்டத்தில் துகள் இயற்பியல் பொங்கி வழிந்தது. சொட்டுநீர்ப் பாசனத்தில் பாண்டி வந்தான். ஏலக்காய் உலர்த்தும் எந்திரத்தில் வந்தான். திராட்சை இலை நோயை கேமராவால் கண்டுபிடிப்பதில், பழைய ஜீப்பை மின்சாரத்தில் ஓட்டுவதில், நெல்லின் ஈரப்பதம் அளப்பதில், எல்லாவற்றிலும் முன்னுரையில் ஒரு வரி, அதன் வாலில் மூன்று எண். அக்டோபர் வந்தபோது மொத்தம் நாற்பத்து மூன்று கட்டுரை. நூற்று இருபத்தொன்பது மேற்கோள். தினமும் காலையில் காபிக்கு முன்னால் ரீடிங் எடுத்தேன். முந்நூற்று நாற்பத்தொன்று என்று காட்டிய அன்று, இந்தியாவிலேயே இப்போது அவன்தான் முதல் விஞ்ஞானி என்று கம்பம் மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாவது யார் என்று ஒரு வாழைக்காய் வியாபாரி கேட்டார். வெகு தூரத்தில் வருகிறார் என்றேன்.

பாண்டியிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தானாக வந்ததுபோல் இருந்தால்தான் அவனுக்குத் தெம்பு வரும் என்று நினைத்தேன். வந்தது. ஒரு நாள் மூக்கம்மாள் போன் போட்டு, “தம்பி, பய இன்னைக்கிச் சிரிச்சுப் பேசுனான்டா. என்னமோ கோடு மேல ஏறுதாம்ல?” என்றாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் சுருளி அருவியைத் தலைகீழாக ஏறியிருப்பேன்.

ஒரு வாரம்தான். கட்டம் உயர்வதைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தவனுக்கு, யார்தான் போடுகிறார்கள் என்று திறந்து பார்க்கத் தோன்றியிருக்கிறது. அந்திநேரத்தில் எனக்குப் போன் வந்தது.

“மாமா, ஏலக்காய் காயவைக்கிற மிஷினுக்கு நான் என்ன செஞ்சேன்?”

“மாப்ள... அது வந்து...”

“நாப்பத்திமூணு பேப்பர் மாமா. நாப்பத்திமூணும் தேனி ஜில்லா. வெளிய இருந்து ஒண்ணு இல்ல. என் பயோடேட்டால மொத வரி என்ன தெரியுமா? பொறந்த ஊரு கோம்பை, தேனி ஜில்லா.”

“ஊர்க்காரவுக ஊர்க்காரவுகளப் போடுறது தப்பா?”

“யாரு யாருட்டக் கேட்டீக? பேரச் சொல்லுங்க. அந்தந்தப் பத்திரிகைக்கு எழுதி எடுக்கச் சொல்றேன்.”

போனை உமாதேவி வாங்கினாள்.

“மச்சான், எடுத்தீகன்னா ஏன் எடுத்தீகன்னு காலேஜ்ல கேப்பாக. என் வேல போயிரும். என் வேல மட்டும் இல்ல, நாப்பத்திமூணு பேரு.”

“சரி உமா. விடு” என்றான் பாண்டி. வைத்துவிட்டான். எனக்கு ஒரு வசவுகூடக் கிடைக்கவில்லை. மறுநாள் நான் ரீடிங் எடுக்கவில்லை.

நவம்பரில் ஒருநாள் அவனே கூப்பிட்டான். குரலே வேறு. சிறுவயதில் ஓடுகால் வாய்க்காலில் மீன் பிடித்துவிட்டு ஓடிவருவானே, அந்தக் குரல்.

“மாமா, சிலி நாட்டுல ஒரு பொண்ணு. ஆராய்ச்சி மாணவி. நேத்து ஒரு பேப்பர் இணையத்துல போட்ருக்காக. இன்னும் பத்திரிகைல வரல, வரப்போகுது. என்னோட பன்னெண்டு வருசத்துக்கு முந்துன பேப்பர எடுத்து, அதுல இருக்கற வழிய அப்படியே வச்சு, மூணு பக்கம் கணக்குப் போட்ருக்காக.”

“நான் அங்கன யார்ட்டயும் கேக்கல மாப்ள! சத்தியமா!”

“தெரியும் மாமா.” சிரித்தான். “நான் ஒரு எடத்துல கழித்தல் குறிய விட்டுட்டேன். யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. அவுக கண்டுபிடிச்சு, அடிக்குறிப்புல எழுதித் திருத்தியிருக்காக. திருத்துன பெறகு விடை இன்னும் அழகா வருது. மாமா, படிச்சிருக்காக மாமா. பென்சில வச்சுக்கிட்டு, வரிக்கு வரி உக்காந்து படிச்சிருக்காக.”

தப்பைக் கண்டுபிடித்ததற்கு ஒருவன் இவ்வளவு பூரிப்பானா என்று எனக்கு விளங்கவில்லை. “தப்புன்னு சொல்லிட்டாகளா?” என்று கேட்டேன். “ஆமா, தப்புன்னு சொல்லிட்டாக!” என்று கத்தினான். அந்தக் கட்டுரையைப் பதினோரு முறை படித்ததாகச் சொன்னான். பதினொன்று என்று சொன்னது அவன். என் கணக்கு இல்லை.

டிசம்பரில் குழு கூடியது. என்ன ஆயிற்று என்று போனில் சொல்லவில்லை. ஜனவரி நடுவில், ஊருக்கு வருகிறேன், தேனி பஸ் நிலையத்துக்கு வாருங்கள் என்று மட்டும் செய்தி அனுப்பினான். போனேன். இரண்டு பெரிய பெட்டி, புத்தகம் கட்டிய மூன்று அட்டைப்பெட்டி. விடுமுறைக்கு வருகிறவன் கொண்டுவருகிற சாமான் அது இல்லை. கம்பம் பஸ்ஸில் ஏற்றினோம். கடைசி சீட்டில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டோம். வீரபாண்டி தாண்டியதும் அவனாகப் பேசினான்.

“அஞ்சு பேரு உக்காந்திருந்தாக. மொதக் கேள்வியே, இந்த நாப்பத்திமூணு பேர உங்களுக்குத் தெரியுமான்னு.”

“தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதான?”

“தெரியும்னு சொன்னேன்.”

“அட, எங்க மாமன் கிறுக்கன், எனக்குத் தெரியாம செஞ்சுட்டான்னு சொல்ல வேண்டியதுதான! அதுதான நெசம்?”

“எழுதிக் குடுங்கன்னாக. யாரு கேட்டா, யார்ட்டக் கேட்டா, பேரோட எழுதிக் குடுத்தா விசாரிச்சு முடிவு பண்றோம்னாக.” சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். “உமா பேரு வரும்ல மாமா.”

நான் அட்டைப்பெட்டியின் கயிற்றை இறுக்கிக் கட்டினேன். அது இறுக்கமாகத்தான் இருந்தது.

“சரி, ஊர்க்காரவுக போட்டது பூராத்தையும் தள்ளுங்க, சிலில இருந்து ஒண்ணு வந்திருக்கு, அத மட்டும் பாருங்கன்னு கேட்டேன். இந்த வருசம் வந்தது எல்லாத்தையும் மொத்தமா கழிச்சாச்சு, ஒண்ணொண்ணா பிரிச்சுப் பாக்க நேரமில்லன்னாக. அந்த மூணு பக்கத்த எடுத்து மேசைல வச்சேன் மாமா. அஞ்சு பேர்ல ஒருத்தர் கையில எடுத்தாரு. எத்தன பக்கம்னு பாத்தாரு. வச்சுட்டாரு.”

சின்னமனூரில் பஸ் நின்றது. யாரோ திராட்சைக் கூடையோடு ஏறி, எங்கள் அட்டைப்பெட்டிமேல் வைக்கலாமா என்று கேட்டார்கள். வைத்துக்கொள்ளச் சொன்னான்.

“பெறகு யாரோ இந்தக் கதைய ஒரு வலைத்தளத்துல எழுதிட்டாக. சந்தேகமான சைட்டேஷன் பத்தி எழுதுறதுக்குன்னே இருக்கற தளம். ஒரே பள்ளத்தாக்குல இருந்து நூத்தியிருவத்தொம்போதுன்னு தலைப்பு. உமா பேரு, மத்தவுக பேரு ஒண்ணும் இல்ல. என் பேரு மட்டும்தேன்.” கைப்பேசியை எடுத்து ஒரு கடிதத்தைத் திறந்தான். “இது போன வாரம் வந்துச்சு. நான் வாசிச்சுச் சொல்றேன்.”

சிலி நாட்டுப் பெண் எழுதியது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள். பத்திரிகையில் கட்டுரை அச்சேறும் நேரத்தில் அவளுடைய வழிகாட்டி அந்தச் செய்தியைப் பார்த்தாராம். இப்படிப் பேசப்படுகிற ஒருவர் பெயர் கடைசிப் பக்கத்தில் இருந்தால் அவளுடைய முதல் கட்டுரைமேலேயே கறை படியும் என்றாராம். அதனால் அந்த வழியை அவர்களே அடியிலிருந்து தனியாக வருவித்து, பின்னிணைப்பாகச் சேர்த்துவிட்டார்கள். இனி பாண்டியின் கட்டுரையைச் சுட்ட வேண்டிய அவசியம் இல்லை. அடிக்குறிப்பையும் எடுத்துவிட்டார்கள். வருந்துகிறேன், உங்கள் கட்டுரையிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டேன் என்று முடித்திருந்தாள்.

“உன் வழிதான மாப்ள அது? திருட்டுல்ல?”

“இல்ல மாமா. நல்லா வருவிச்சிருக்காக. என்னோடதவிடச் சுருக்கம்.” கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டான். “என் துகள் நாளைக்கி நெசமாவே அகப்பட்டாக்கூட, வழி அவுக பேர்லதேன் இருக்கும். அது சரிதேன். படிச்சது அவுகதான?”

உமாதேவியின் கல்லூரியில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். நாற்பத்து மூன்று கட்டுரைகளும் அந்தந்தப் பத்திரிகைகளில் அப்படியே இருக்கின்றன. அந்த வருடம் அவளுக்குச் சம்பளம் உயர்ந்தது. பாண்டியிடம் அதைச் சொல்ல அவளுக்கும் தைரியமில்லை, எனக்கும் இல்லை.

உத்தமபாளையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். பாதி வழியில், “மாமா, ஆத்தாகிட்ட நீங்களே சொல்லிருங்க. என்னால ஆகாது” என்றான். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். செய்தவன் நான்; சொல்லவேண்டியவனும் நான்தான். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று வழி முழுக்க மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஒவ்வொரு முறையும் எங்கேயாவது ஒரு யானையோ ஒரு மந்திரியோ உள்ளே வரப் பார்த்தது. பிடித்து வெளியே தள்ளினேன்.

மூக்கம்மாள் வாசல் வெயிலில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். பெட்டிகளைப் பார்த்தாள்.

“என்னடா இது, குடிமாத்தி வந்த மாதிரி?”

“அக்கா,” என்றேன், நின்றுகொண்டே. “பாண்டிக்கு வேல போச்சு. இனிமே திரும்பிப் போகமாட்டான். அவன் செஞ்ச ஆராய்ச்சிக்கும் பேரு கெட்டுப்போச்சு. எல்லாத்துக்கும் நாந்தேன் காரணம்.”

மூக்கம்மாள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கீரைக் காம்பு கையில் இருக்க, தோள் குலுங்கச் சிரித்தாள்.

“ஏலே பாண்டி, உங்க மாமனப் பாரேன்! இவன் சொல்றதுல பாதியத் தள்ளிட்டு மீதியத்தேன் எடுத்துக்கிறணும். எங்கப்பன் செத்தத இவன்தேன் வந்து சொன்னான். நான் பாதிதேன் நம்புனேன். பாதி உசுராவது இருக்கும்னு பால வாங்கிக்கிட்டு ஓடுனேன்.”

ஆட்டோக்காரர் அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டுப் போனார். பாண்டி அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான். ஒரு கீரைக்கொத்தை எடுத்து உருவத் தொடங்கினான்.

“நீ சொல்றது சரிதேன் ஆத்தா. பாதிதேன் நெசம்.”

“எந்தப் பாதி?”

“வேல போன பாதி. மாமாவாலங்கற பாதி பொய்யி.”

அவள் சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. வண்டியை நிறுத்தினாலும் சக்கரம் கொஞ்சம் உருளுமே, அதுபோல. நான் குறுக்கே பேசப் போனேன். பாண்டி என்னைப் பார்த்தான். நான் ஓர் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டேன்.

“அப்ப யாரால போச்சு?” என்றாள் மூக்கம்மாள்.

“யாராலயும் இல்ல ஆத்தா. நான் எழுதுனத யாரும் படிக்கல. அம்புட்டுத்தேன்.”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். மகனுடைய முகத்தைப் பார்த்தாள், அட்டைப்பெட்டிகளைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“எனக்குத்தேன் எழுத்து தெரியாது. நீ படிச்சவன்தான? ஊரு பூரா எம்மகன் எழுதுனது, எம்மகன் எழுதுனதுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியே. நீயாவது அதுல ஒரு பக்கம் படிச்சியாடா?”

ஜெனிவாச் சுரங்கம் தெரிந்த அளவுக்கு எனக்குப் பாண்டியின் ஒரு கட்டுரைத் தலைப்புகூடத் தெரியாது. எட்டில் இரண்டு என்று தேர்ந்தெடுத்தபோது எண்ணைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். உமாதேவியும் படிக்கவில்லை. ஞானதுரையின் பதினான்கு பேரும் படிக்கவில்லை.

“இல்லக்கா” என்றேன்.

இந்த முறை அவள் பாதியைத் தள்ளவில்லை.